மீன் பெட்டியில் ஐஸ் உருகட்டும், விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் சென்ற வாரம் பொருள்களின் நிலைமாற்றம் பற்றி ஒரு பாடம் வந்திருந்தது. அதே வாரம் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர், மீன் மார்க்கெட்டில் பெட்டிகளிலிருந்து ஐஸ் உருகி ஒழுகுகிறது, உருகிப்போன ஐஸில் கிடக்கும் மீனை நம்பி எப்படி வாங்குவது என்று கேட்டிருந்தார். இரண்டையும் ஒரே நாளில் படித்தேன். பாடத்தில் விட்டுப்போன ஒரு வரிதான் கடிதத்தில் குறையாக வந்து நிற்கிறது என்று பட்டது. அதைச் சொல்லவே இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், தாங்கள் வெட்டினாலும் கணக்குகளை மட்டும் வெட்டாமல் போடுங்கள்.

நான் தூத்துக்குடியில் மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டியிருந்த ஒரு ஐஸ் ஆலையில் கம்ப்ரசர் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். படிப்பு ஐ.டி.ஐ. வரைதான். ஏழாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி தங்கள் மாணவர் பக்கத்தை வெட்டி நோட்டில் ஒட்டிவைப்பவள். அவள் நோட்டில்தான் இந்தப் பாடத்தையும் படித்தேன்.

பாடத்தில் ஓர் உவமை சொல்லியிருந்தார்கள். திடப்பொருளின் துகள்கள் வகுப்பில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் மாதிரி; திரவம் இடைவேளையில் அங்குமிங்கும் நடக்கும் பிள்ளைகள்; வாயு, கடைசி மணி அடித்ததும் கேட்டைத் தாண்டி ஓடும் பிள்ளைகள். வெப்பம் கொடுத்தால் துகள்களின் வேகம் கூடும், வேகம் கூடினால் நிலை மாறும் என்று முடித்திருந்தார்கள். தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பிள்ளைகள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதைச் சொல்லவே இல்லை. ஐஸில் ஒவ்வொரு நீர் மூலக்கூறும் சுற்றியுள்ள நான்கு மூலக்கூறுகளோடு பிணைந்து நிற்கிறது. நின்ற இடத்திலேயே அதிரும், இடம் மாறாது. வெப்பம் ஏற ஏற அதிர்வு கூடும், தெர்மாமீட்டரும் ஏறும். பூஜ்யம் டிகிரி வந்ததும் கதை வேறு. அதற்கு மேல் கொடுக்கும் வெப்பம் அதிர்வைக் கூட்டுவதில்லை, பிடித்த கையை விடுவிக்கப் போகிறது. கடைசித் துண்டு கரையும் வரை தெர்மாமீட்டர் பூஜ்யத்தை விட்டு அசையாது. பூஜ்யம் டிகிரி ஐஸிலும் பூஜ்யம் டிகிரி தண்ணீரிலும் துகள்களின் சராசரி இயக்க ஆற்றல் ஒன்றேதான். அப்படியிருந்தும் ஒரு கிலோ ஐஸ் ஒரு கிலோ தண்ணீராக 80 கிலோ கலோரி வேண்டும். இப்போதைய பாடப் புத்தகக் கணக்கில் 334 கிலோ ஜூல். அதே 80 கிலோ கலோரியை அந்தத் தண்ணீருக்குக் கொடுத்தால் பூஜ்யத்திலிருந்து 80 டிகிரி வரை சூடாகிவிடும். கை வைக்க முடியாது.

உள்ளுறை வெப்பம் என்று புத்தகத்தில் போட்டிருப்பது இதைத்தான். பாடத்தில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. எங்கள் தொழிலோ முழுக்க முழுக்க இந்த ஒரு வரியில்தான் ஓடுகிறது.

ஐஸ் ஆலைக்குள் போய்ப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். தரையோடு தரையாக ஒரு பெரிய தொட்டி, மேலே மரப்பலகை மூடிகள். உள்ளே உப்புத் தண்ணீர். நம்ம ஊர் உப்புதான். உப்பு கரைந்திருப்பதால் மைனஸ் 10 டிகிரியிலும் அது உறையாது. அதற்குள் தகரக் கேன்களை வரிசையாக இறக்கி நல்ல தண்ணீர் ஊற்றியிருப்போம். விளிம்பு வரை ஊற்றக் கூடாது. உறையும்போது மூலக்கூறுகள் நான்கு பக்கமும் கை நீட்டி இடைவெளி விட்டு அடுக்கிக்கொள்வதால் தண்ணீர் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பெருக்கும்.

ஒரு கேனில் உறையும் கட்டியைப் பார் என்போம். சாதாரண 50 கிலோ பார் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீர் 30 டிகிரி என்றால், பூஜ்யத்துக்குக் கொண்டுவர 1,500 கிலோ கலோரியை வெளியே எடுக்க வேண்டும். அதை உறைய வைக்க 4,000. உறைந்த பிறகு மைனஸ் 8 வரை இறக்க வெறும் 200. மொத்தம் 5,700. அதாவது செலவில் 100 ரூபாய்க்கு 70 ரூபாய், தெர்மாமீட்டர் அசையாமல் நிற்கும் அந்த இடத்தில்தான் போகிறது. தண்ணீர் சில்லென்று ஆவது சீக்கிரம் நடந்துவிடும். அதன் பிறகு ஏறக்குறைய ஒரு நாள் காத்திருக்க வேண்டும். புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் கேனில் கை விட்டுப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, ஜில்லுனு ஆயிட்டு, இன்னும் கொஞ்ச நேரந்தான்” என்பார்கள். நான் ஒன்றும் சொல்வதில்லை. அடுத்த ஷிப்டுக்கு வரும்போது அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

கேனின் சுவரோரம் முதலில் உறையும். நாலாபக்கமிருந்தும் நடுவை நோக்கி வளரும். அந்த அடுக்கில் காற்றுக்கும் இடமில்லை, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புக்கும் இடமில்லை. இரண்டையும் நடுவே தள்ளிக்கொண்டே வரும். பாரின் ஓரம் கண்ணாடியாகவும் நடுத்தண்டு வெள்ளையாகவும் இருப்பது அதனால்தான். அந்த நடுத்தண்டில் ஒரு சில்லை உடைத்து நாக்கில் வைத்தால், போர்த் தண்ணீர் ஊற்றிய ஆலையாக இருந்தால், கரிப்பு தெரியும். கண்ணாடி மாதிரி பார் வேண்டும் என்பவர்கள் கேனுக்குள் குழாய் விட்டுக் காற்று ஊதி, நடுத்தண்ணீரை உறையும் முன்பே உறிஞ்சி எடுத்துவிட்டு நல்ல தண்ணீர் ஊற்றுவார்கள்.

சரி, அந்த 5,700 கிலோ கலோரியை எடுப்பது யார்? அம்மோனியா. “ஐஸ் கம்பெனிக்குள்ள ஏது தாத்தா கொதிக்கிறது?” என்று பேத்தி கேட்டாள். தொட்டிக்குள் கிடக்கும் காயில் என்ற சுருள்குழாய் முழுக்க ஓயாமல் கொதித்துக்கொண்டுதான் இருக்கிறது. அம்மோனியா சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 33 டிகிரியிலேயே கொதித்துவிடும். காயிலில் கொஞ்சம் அழுத்தம் வைத்து மைனஸ் 15 வாக்கில் கொதிக்க விடுவோம். கொதிப்பதற்கு வேண்டிய வெப்பத்தை உப்புத் தண்ணீரிடமிருந்து பிடுங்கிக்கொள்ளும். உப்புத் தண்ணீர் கேனிடமிருந்து பிடுங்கும். ஆவியான அம்மோனியாவைக் கம்ப்ரசர் இழுத்து நெருக்கி வெளியே கண்டன்சர் என்ற குளிர்விக்கும் குழாய்களுக்குத் தள்ளும். சக்‌ஷன் மீட்டர் (இழுக்கும் பக்கம்) 20 பவுண்டு அழுத்தம் காட்டும், டிஸ்சார்ஜ் மீட்டர் (தள்ளும் பக்கம்) 200 பவுண்டு. அந்த நெருக்கத்தில் துகள்கள் மறுபடி ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு திரவமாகும். உள்ளே வாங்கிய வெப்பத்தையெல்லாம் வெளியே கொட்டும். ஒரு பக்கம் பைப்பில் பனி பூத்திருக்கும், இன்னொரு பக்கம் கை வைத்தால் சுடும்.

கண்டன்சர் குழாய்களின் மேல் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். அதில் ஒரு பங்கு ஆவியாகிப் போகும். ஆவியாகிப் போவது வேகமான துகள்கள். மிஞ்சுவது மெதுவானவை, ஆகவே மிஞ்சிய தண்ணீர் குளிர்கிறது. ஆடி மாதத்து வறண்ட மேல்காற்றில் வெயில் கொளுத்தினாலும் டிஸ்சார்ஜ் மீட்டர் அடக்கமாக நிற்கும். கடல்காற்று ஈரத்தோடு புழுங்கும் நாளில் தண்ணீர் ஆவியாக மாட்டேன் என்னும். முள் மேலே ஏறும், மோட்டார் முனகும். இதைக் கவனித்தே எங்களுக்கு வானிலை தெரியும், ரமணன் சொல்ல வேண்டியதில்லை என்று சக ஊழியர் ஒருவர் சொல்வார். கொஞ்சம் அதிகப்படிதான்.

இப்போது மீன் பெட்டிக்கு வருகிறேன். வலையிலிருந்து படகுத் தட்டில் கொட்டும்போது மீன் 30 டிகிரி சூட்டில் இருக்கும். ஒரு கிலோ மீனை 30-லிருந்து பூஜ்யத்துக்கு இறக்க சுமார் 25 கிலோ கலோரி எடுக்க வேண்டும். ஒரு கிலோ ஐஸ் உருகினால் 80 எடுக்கும். ஆக ஏட்டுக்கணக்கில் ஒரு கிலோ மீனுக்கு 300 கிராம் சொச்சம் ஐஸ் உருகினால் வேலை முடிந்தது. பெட்டிச் சுவர் வழியாக வரும் சூடு, வெயில், எஞ்சின் ரூம் அனல் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் மீனுக்குச் சரிக்குச் சரி ஐஸ் என்று மீன்வளத் துறையினர் சொல்கிறார்கள். ஐஸுக்குப் பதில் பூஜ்யம் டிகிரி தண்ணீரே ஒரு கிலோ ஊற்றினால் என்ன ஆகும்? மீனும் தண்ணீரும் 14 டிகிரி வாக்கில் சமாதானமாகிவிடும். அந்தச் சூட்டில் மீன் மறுநாளே நாறும்.

வேலை செய்வது உருகும் ஐஸ்தான் என்பது இதிலிருந்து தெரியும். கடிதம் எழுதிய நண்பர் உருகாத ஐஸைத் தேடுகிறார். உருகவே இல்லை என்றால் மீனிடமிருந்து அது எதையும் வாங்கவில்லை என்று பொருள். பெரிய பெரிய கட்டியாக மேலே அடுக்கிவைத்துவிட்டு, அடியில் மீன் வெதுவெதுப்பாகக் கிடக்கும் கடைகளை நான் பார்த்திருக்கிறேன். பார்வைக்கு நல்ல ஜில். கட்டி மீனைத் தொடுவது இரண்டு மூலையில் மட்டும். அதனால்தான் பாரை அரவை மெஷினில் போட்டுப் பொடி ஐஸாக்கி, அடியில் ஒரு பரப்பு, மீன் ஒரு அடுக்கு, மறுபடி ஐஸ் என்று போடுகிறோம்.

உருகுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஐஸும் தண்ணீரும் கலந்து கிடக்கும் வரை பெட்டிக்குள் பூஜ்யம்தான், அதற்குக் கீழே போகாது. மீனின் சதை உறைய ஆரம்பிப்பது மைனஸ் 1, மைனஸ் 2 டிகிரியில். ஆக உருகும் ஐஸுக்குள் மீன் சில்லென்று இருக்கும், விறைக்காது. சிலர் கெட்டிக்காரத்தனமாக ஐஸில் கல் உப்பை அள்ளிப் போடுகிறார்கள். உப்பு கலந்தால் ஐஸ் இன்னும் வேகமாக உருகும். உருக வேண்டிய வெப்பத்தைத் தன்னிடமிருந்தே எடுத்துக்கொண்டு கீழே இறங்கும். அளவாகக் கலந்தால் மைனஸ் 21 டிகிரி வரை போகும். குல்ஃபி போட அது சரி. மீனுக்குப் போட்டால் மேல் சதை அரைகுறையாக உறையும், உள்ளே ஐஸ் ஊசிகள் சதையைக் கிழிக்கும், குழம்பில் போட்டதும் சீலாத் துண்டு உதிர்ந்துபோகும். வீட்டில் சமைப்பவரைத்தான் திட்டுவார்கள்.

சூரை, அயிலை போன்ற மீன்களில் விஷயம் இன்னும் கடுமை. பிடித்ததும் குளிர வைக்காவிட்டால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் சேரும். பிறகு ஐஸில் போட்டாலும் அது குறையாது, வேகவைத்தாலும் போகாது. முகம் சிவந்து, தடித்து, தலைவலியோடு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வரும். தூத்துக்குடி விசைப்படகுகள் காலையில் போய் இரவில் திரும்புபவை, ஒரு நாள் ஐஸ் போதும். குமரி மாவட்டத்துத் தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் படகுகள் வாரக்கணக்கில் கடலில் நிற்பவை. அவர்கள் அடித்தளத்தில் நிரப்பும் ஐஸ் ஒவ்வொரு நாளும் உருகிக் குறைவதை வைத்தே கரைக்குத் திரும்பும் நாளைக் கணக்கிட வேண்டும்.

நண்பர் சொன்னதில் நியாயமான பகுதியும் இருக்கிறது. உருகிய தண்ணீர் வடிய வழி இல்லாமல் பெட்டிக்குள்ளேயே தேங்கினால், மீன் ரத்தமும் வழும்பும் கலந்து அதிலேயே ஊறும். வடிந்து ஓடினால் அதே தண்ணீர் மீனைக் கழுவிக்கொண்டே போகும். ஆகவே பெட்டியின் அடியில் ஓட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். மார்க்கெட்டில் சாக்கடை ஒழுங்காக ஓடுகிறதா என்று மாநகராட்சியைக் கேளுங்கள். வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பதோடு, மீனின் வயிற்றடியில் விரலை வைத்துக் குளிர்ச்சி இருக்கிறதா என்றும் பாருங்கள். மீனுக்கான ஐஸ் வேறு, குடிக்கும் ஐஸ் வேறு என்பதும் நினைவிருக்கட்டும். உண்ணத் தகாத ஐஸுக்கு நீலச் சாயம் கலக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-லேயே சொல்லிவிட்டது. கரும்புச்சாறு வண்டிக்குப் போகும் பாரில் நீலம் இருக்கிறதா என்று யாராவது பார்த்தால் தேவலை.

மாணவர் பக்கத்தில் சேர்க்க ஒரு பழைய கதையும் சொல்கிறேன். 1760-களின் தொடக்கத்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஜோசப் பிளாக் என்ற பேராசிரியர் இரண்டு கண்ணாடிக் குப்பிகளை ஒரே அறையில் வைத்தார். ஒன்றில் உறைநிலைக்குக் கொஞ்சம் மேலே இருந்த தண்ணீர், மற்றதில் அதே எடை ஐஸ். தண்ணீர்க் குப்பி அரை மணியில் எட்டிய சூட்டை ஐஸ் குப்பி எட்ட பத்தரை மணி நேரம் ஆயிற்று. ஐஸ் உருக இவ்வளவு வெப்பம் தேவைப்படாமல் இருந்தால், வசந்தம் வந்ததும் மலைப்பனி முழுக்க ஒரேயடியாக உருகி ஊரை அடித்துக்கொண்டு போயிருக்குமே என்று அவர் கேட்டார். 1833-ல் பாஸ்டன் வியாபாரி ஃபிரெடரிக் டியூடர் 180 டன் ஐஸைக் கப்பலில் ஏற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாதம், பூமத்திய ரேகையை இரண்டு முறை கடந்து, ஏறக்குறைய 100 டன் வந்து சேர்ந்தது. சூடு புகாமல் பொதிந்து வைத்தது பாதி காப்பாற்றியது, கிலோவுக்கு 80 கிலோ கலோரி என்ற கணக்கு மீதியைக் காப்பாற்றியது. சென்னை மெரினாவில் அவர் ஐஸை வைக்க 1842-ல் கட்டிய வீடுதான் இன்று விவேகானந்தர் இல்லம். அதைப் பார்க்கப் போகும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கும் தெரிந்திருக்கலாம்.

வீட்டு ஏ.சி.யில் ஒன்றரை டன் என்று போட்டிருப்பதும் இதே கணக்குதான். ஒரு நாளில் அத்தனை டன் ஐஸ் உருகினால் எவ்வளவு வெப்பத்தை வாங்குமோ, அவ்வளவை அந்த ஏ.சி. அறையிலிருந்து எடுக்கும், மூன்றரை கிலோவாட் ஒரு டன். கடையில் கேட்டால் பாதிப் பேர் எடை என்கிறார்கள்.

அடுப்படியிலும் இது உண்டு. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கத் தொடங்கினால் பிறகு எவ்வளவு எரித்தாலும் 100-தான். கூடுதல் நெருப்பு தண்ணீரை வேகமாக ஆவியாக்குமே தவிர சோற்றைச் சீக்கிரம் வேகவைக்காது. கொதி வந்ததும் அடுப்பைத் தணிக்கலாம், சிலிண்டர் சில நாள் கூட வரும். ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக 540 கிலோ கலோரி. உருகும்போது சில பிடிகள் மட்டும் விடுகின்றன, ஆவியாகும்போது அத்தனையும் விட வேண்டும். ஆகவேதான் 80 எங்கே, 540 எங்கே. இட்லிச் சட்டி மூடியைத் திறக்கும்போது கையில் அடிக்கும் ஆவி, கையில் தண்ணீராக மாறிய நொடியில் அந்த 540-ஐயும் தோலில் இறக்கிவிடும். வெந்நீர் பட்டதைவிட ஆவி பட்டது கொப்பளிப்பது அதனால்.

ஆகவே ஆசிரியருக்கு என் வேண்டுகோள்: அந்தப் பாடத்தின் தொடர்ச்சியாக, வெப்பம் கொடுக்கக் கொடுக்க டிகிரி எங்கே ஏறுகிறது, எங்கே அசையாமல் படுக்கைக்கோடாக நிற்கிறது என்று காட்டும் ஒரு வரைபடம் போடுங்கள். பிள்ளைகள் வீட்டிலோ பள்ளியிலோ செய்து பார்க்கும்படி இருக்கட்டும். டம்ளரில் பொடித்த ஐஸ், ஆய்வகத் தெர்மாமீட்டர் (காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு ஆகாது), கலக்கிக்கொண்டே ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் குறிக்க ஒரு தாள். பாடப் புத்தகங்களில் உருகும் இடத்துப் படுக்கைக்கோடும் கொதிக்கும் இடத்துப் படுக்கைக்கோடும் ஒரே நீளத்தில் வரைந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன், அப்படி வேண்டாம். கிராமுக்கு ஒரு கலோரிக்கு அரை மில்லிமீட்டர் என்று அளவு வைத்தால் உருகுவதற்கு 4 செ.மீ., பூஜ்யத்திலிருந்து 100 வரை ஏறுவதற்கு 5 செ.மீ., ஆவியாவதற்கு 27 செ.மீ. மொத்தம் 36 செ.மீ. தங்கள் தாளின் முழு அகலத்தையும் அது பிடிக்கும். அன்று ஒரு நாள் பக்கத்தின் ஓரத்தில் வரும் விளம்பரத்தை நிறுத்திவைக்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஐஸ் ஆலை ஆபரேட்டர்,
தூத்துக்குடி.